கெண்டைக்கால் பிடிப்புக்கு சோடியம், பொட்டாசியம் பார்க்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

அப்பாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, பகலில் ரப்பர் தோட்டத்து மேடு ஏறினால் தொடையில் தளர்ச்சி. "உப்பைக் குறை, கட்டன் சாயாவை நிறுத்து" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டையும் செய்தும் தளர்ச்சி கூடியதே தவிரக் குறையவில்லை. டாக்டர் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), மெக்னீசியம் பார்க்க எழுதிக் கொடுத்தார். அதுவரை பிரச்சினை இல்லை. குலசேகரத்தில் ரத்தம் எடுக்கும் இடத்தில்தான் ஆரம்பித்தது.

"சாயா குடிச்சாச்சா? அப்போ நாளைக்கு வெறும் வயித்தில வாங்க." இப்படிச் சொன்னால் திரும்பி வராதீர்கள். வெறும் வயிறு வேண்டியது சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரைப் பரிசோதனைக்கு. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தேவையில்லை. சீட்டில் சர்க்கரை இல்லை என்பதைக் காட்டிக் கேளுங்கள். நாங்கள் வீணாக ஒரு தடவை அலைந்தோம்.

அடுத்தது இதைவிட மோசம். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.9. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. கவுண்டரில் இருந்தவர் இளநீரையும் வாழைப்பழத்தையும் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்த ரத்தம்) என்று இருந்ததை அவர் சொல்லவே இல்லை. பொட்டாசியம் பெரும்பாலும் அணுக்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அது வெளியே கொட்டி அளவு பொய்யாக ஏறும். ரப்பர் பட்டையை நேரம் போகக் கட்டி வைப்பது, கையை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்வது, சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, பிரிக்காமல் குழாயை சாயங்காலம் வரை வைத்திருந்து நாகர்கோவிலுக்கு அனுப்புவது, எல்லாமே அளவை ஏற்றும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தாலும் ஏறும், குளிரில் அணுவின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் சோர்ந்துவிடுவதால். ஆகவே சீரம் பிரிக்க ரத்தம் சுழற்றும் எந்திரம் அங்கேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மறுபடி எடுத்ததில் பொட்டாசியம் 3.6. அந்தப் பதற்றத்தில் அதே ரிப்போர்ட்டில் இருந்த சோடியம் 127ஐ யாரும் கவனிக்கவில்லை. வேண்டியது 135 முதல் 145. தளர்ச்சிக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. நரம்பிலும் தசையிலும் மின்துடிப்பு ஓடுவதே சோடியம் உள்ளே பாய்ந்து பொட்டாசியம் வெளியேறுவதால்தான். பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து அதைச் சீராக வைக்கிறது.

சோடியத்தை இறக்கியது பிரஷர் மாத்திரை. அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'சிடி' இருந்தால் குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கும். இரண்டும் சிறுநீரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். அதோடு உப்பில்லாக் கஞ்சியும் குடம்குடமாகத் தண்ணீரும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு இறங்கத்தான் செய்யும். போகும்போது மாத்திரைப் பெயரை வாயால் சொல்லாதீர்கள், அட்டையையே கொண்டு போங்கள். எங்களுக்கு அட்டையைப் பார்த்த அஞ்சு நிமிடத்தில் விடை கிடைத்தது. மாத்திரை மாறியது, தண்ணீருக்கு அளவு வந்தது, அடுத்த பரிசோதனையில் 136. வீட்டில் உப்பை வாரிப் போட்டு ஏற்றப் பார்க்காதீர்கள். சோடியம் வேகமாக ஏறினால் மூளைக்கு ஆபத்து. குழப்பம், வாந்தி, வலிப்பு வந்தால் நேரே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள்.

சாயாவை வீணாகப் பழி சொன்னோம். ஒரு டம்ளரில் சுமார் 30-50 மில்லிகிராம் கஃபீன், காப்பியில் அதைவிடக் கூடுதல். பழகிய உடம்பில் அதனால் நீர் பெரிதாக இழப்பதில்லை. களைப்பை உணர்த்தும் அடினோசினைத் தடுத்து, வேலைக்குத் தெம்புதான் தரும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை. கோலா பானத்தை லிட்டர் கணக்கில் குடிப்பவர்களுக்குத்தான் பொட்டாசியம் இறங்கித் தசை செயலிழக்கும் அளவுக்குப் போகும். கஃபீனின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க: வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டும் குடித்தால் ஈடாகாது. பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சீனி, எல்லாம் தலைதட்டி, கலந்து குடிக்கலாம். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் நல்லது.

இன்னொன்று, ராத்திரிப் பிடிப்பு வருகிற பலருக்கும் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். அப்படியானால் முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், தசை இளகும்.

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மட்டும் யோசிக்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் பொட்டாசியம் நிஜமாகவே ஏறி இதயத்துடிப்பைக் குலைத்துவிடும்.