விஓ2 மேக்ஸ் டெஸ்ட்டுக்குப் போனேன், கோளாறு ரத்தத்துல இருந்துச்சு

பத்து கிலோமீட்டர 75 நிமிஷத்துல ஓடி முடிச்சிட்டிருந்தேன். போன வருஷம் கோடைக்கு அப்புறம் அதே அழகர்கோவில் ரோடு, அதே விடியக்காலை நேரம், ஆனா 90 நிமிஷம் தாண்டிப் போகுது. மொதல்ல வெயில்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. ஐப்பசி மழை விழுந்து காத்து குளுந்ததுக்கு அப்புறமும் அப்படியே இருந்தப்பதான் யோசனை வந்துச்சு. திருப்பரங்குன்றம் மலையில காசி விஸ்வநாதர் கோயில் வரைக்கும் ஏறுனா பாதிப் படியிலயே நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஓடுற பழக்கமே இல்லாத எங்க மதினி எனக்கு முன்னாடி ஏறிப் போயிட்டு மேல இருந்து "என்ன புள்ள, மேலுக்கு முடியலயா"ன்னு கேக்குறாங்க.

ஒரு கிளினிக்ல காமிச்சேன். ஈசிஜி எடுத்தாங்க, சுகர், பிபி பாத்தாங்க, எல்லாம் நார்மல். "41 வயசாச்சுல்ல, ஓடுறதக் கொறச்சிட்டு நடங்க"ன்னு அனுப்பிட்டாங்க. வயசுனா மூணு மாசத்துல வந்துருமா? அந்தப் பதில என்னால ஏத்துக்கவே முடியல.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துல பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்குற ஒரு மாஸ்டர்கிட்ட சொன்னப்பதான் அவரு "ஒரு தடவ லேப்ல வச்சு விஓ2 மேக்ஸ் எடுத்துப் பாத்துருங்கம்மா, நெஞ்சா, நுரையீரலா, காலான்னு தெரிஞ்சு போகும்"னாரு. அதுவரைக்கும் அது பெரிய பெரிய பிளேயருக்கு எடுக்குற டெஸ்ட்டுன்னுதான் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. மூச்சு வாங்குது, ஏன்னு தெரியலங்குற சாதாரண ஆளுக்கும் ஆஸ்பத்திரியில இதே டெஸ்ட்டத்தான் எடுக்குறாங்க.

விஷயம் இதுதான். ஓட ஓட ஒடம்பு இழுத்துக்குற ஆக்சிஜன் கூடிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல வேகத்த இன்னும் கூட்டுனாலும் ஆக்சிஜன் அளவு அதுக்கு மேல ஏறாது, அந்த உச்சம்தான் விஓ2 மேக்ஸ். ஒரு கிலோ ஒடம்பு எடைக்கு ஒரு நிமிஷத்துக்கு இத்தன மில்லின்னு கணக்கு. 1923ல ஏ.வி.ஹில், ஹார்ட்லி லப்டன்னு ரெண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளருங்க இத எழுதுனாங்க, ஹில் தானே முதுகுல டக்ளஸ் பைய மாட்டிக்கிட்டு புல்தரையில ஓடி, விட்ட மூச்ச அதுல புடிச்சு அளந்திருக்காரு. இப்ப பை கிடையாது, மூஞ்சில ஒரு மாஸ்க், அதுல இருந்து ஒரு குழாய், ஒவ்வொரு மூச்சுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி விழுந்துக்கிட்டே போகுது.

போறதுக்கு முன்னாடி லேப்காரங்க சொன்னது: மொத நாள் கடுமையா ஓடக் கூடாது, டெஸ்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்ட்டு முடிச்சிரணும், காலையில காப்பி டீ கூடாது. நான் ரெண்டு இட்லியோட நிறுத்திக்கிட்டேன். பிபி மாத்திரை சாப்புடுறவங்க கட்டாயம் முன்கூட்டியே சொல்லணும், ஏன்னா பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஹார்ட் ரேட்ட ஏற விடாது, அது தெரியாம ரிப்போர்ட்டப் படிச்சா தப்பான முடிவுக்குத்தான் வருவாங்க. அதுக்காக நாமளா மாத்திரைய நிறுத்திட்டும் போகக் கூடாது, அத டாக்டர்தான் சொல்லணும். நெஞ்சுவலி வந்துருக்கா, மயக்கம் வந்துருக்கா, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்துருக்கான்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

லேப்ல ஏசி நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அது சொகுசுக்கு இல்லயாம், வெக்கையில ஓடுனா அதே வேகத்துக்கு ஹார்ட் ரேட் கூடுதலா காமிக்கும், அடுத்த தடவ எடுக்குறப்ப ரெண்டையும் வச்சுப் பாக்க முடியாது. ஃபிசியாலஜி படிச்ச ஒரு பொண்ணுதான் டெஸ்ட் எடுத்துச்சு, பக்கத்துல ஒரு டாக்டர். என்னைய நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மெஷின சரி பாத்தத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன், மூணு லிட்டர் புடிக்கிற பெரிய சிரிஞ்ச வச்சு காத்த உள்ள தள்ளித் தள்ளி அளவு சரியான்னு பாத்துச்சு, அப்புறம் ஒரு சின்ன சிலிண்டர்ல இருந்து ஆக்சிஜன் 16 சதவீதம் இருக்குற கேஸ விட்டு, ரூம் காத்துல இருக்குற 20.9 சதவீதத்தோட வச்சு சென்சார ஒத்துப் பாத்துச்சு. "இதச் செய்யாம எடுத்தா வர்ற நம்பர் வெறும் நம்பர்தான்க்கா"ன்னு சொன்னுச்சு. அந்தப் பத்து நிமிஷ வேலையப் பாத்ததுலயே எனக்கு அந்த லேப் மேல நம்பிக்கை வந்துருச்சு. நீங்க எங்க போனாலும் கேலிப்ரேஷன் பண்ணுனாங்களான்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

மொதல்ல ஸ்பைரோமெட்ரி, அதாவது நுரையீரலோட ஊதுற தெறன அளக்குற டெஸ்ட். மூக்கக் கிளிப் போட்டு மூடி, மூச்ச முழுசா இழுத்து, ஒரே ஊதா ஊதணும், ஊது ஊது ஊதுன்னு பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மொத நொடியில நான் ஊதுனது 2.4 லிட்டர். அத 40 ஆல பெருக்குனா நிமிஷத்துக்கு 96 லிட்டர் வரைக்கும் என் நுரையீரலால காத்த மாத்த முடியும்னு ஒரு கணக்கு. இந்த 96 அப்புறமா ஒதவுச்சு.

அப்புறம் நெஞ்சுல ஈசிஜி ஒயர் ஒட்டுனாங்க, கையில பிபி பட்டை, வெரல்ல ஆக்சிமீட்டர். பொம்பளைங்க லூஸான டீ சர்ட்டும் நல்லா இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் போட்டுட்டுப் போங்க, ஒயர் ஒட்டுறப்ப பொண்ணுங்கதான் இருப்பாங்களான்னு போன்லயே கேட்டு வச்சுக்கங்க, நான் கேட்டேன், திரைய இழுத்துவிட்டு மரியாதையா பண்ணுனாங்க. மாஸ்க் மாட்டுனதும் ஒரு மாதிரி மூச்சு முட்டுற பயம் வருது, காத்து தாராளமா வரத்தான் செய்யுது, ஆனாலும் மனசு ஒத்துக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அவங்க அவசரப்படுத்தல.

ட்ரெட்மில்லுல புரூஸ் புரோட்டோகால்னு ஒண்ணு இருக்கு, டிஎம்டின்னு ட்ரெட்மில்லுல விட்டு இருதயத்தப் பாக்குற டெஸ்ட் எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மொத மூணு நிமிஷம் 2.7 கிலோமீட்டர் வேகம் 10 சதவீத ஏத்தம், அடுத்த மூணு நிமிஷம் 4 கிலோமீட்டர் 12 சதவீதம், இப்படி வேகமும் ஏத்தமும் சேந்தே கூடும். ராபர்ட் புரூஸ்ங்குற ஹார்ட் டாக்டர் கொண்டாந்தது, இருதயத்தப் பாக்க நல்லது. ஆனா ஓடுறவங்களுக்கு அந்த ஏத்தத்துல மூச்சுக்கு முன்னாடி கெண்டக்கால் ஓஞ்சு போகுது. அதனால எனக்கு ஏத்தம் 1 சதவீதத்துலயே வச்சு, 4 கிலோமீட்டர் வேகத்துல நடையா ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டுனாங்க. எட்டுல இருந்து பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள ஆளு ஓஞ்சு நிக்கிற மாதிரி அமைச்சாத்தான் உச்சம் ஒழுங்கா கெடைக்குமாம், இழுத்துக்கிட்டே போனா கால் வலியிலயே நிப்பாட்டிருவோம்.

நடுவுல பேச முடியாது, ஒரு அட்டைய நீட்டுவாங்க, அதுல 6ல இருந்து 20 வரைக்கும் நம்பர், எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு வெரலால தொட்டுக் காட்டணும். போர்க்னு ஒரு சுவீடன்காரர் உண்டாக்குன அளவுகோல், பத்தால பெருக்குனா ஏறக்கொறைய ஹார்ட் ரேட் வர்ற மாதிரி, அதான் ஆறுல ஆரம்பிக்குது. நான் 6.5 வேகத்துல மெதுவா ஓட ஆரம்பிச்சப்பவே 13ஐத் தொட்டேன், ஹார்ட் ரேட் 150 தாண்டிருச்சு. அந்தப் பொண்ணும் டாக்டரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. 8 வந்தப்ப 17. கடைசி ஒரு நிமிஷம் நெசமாவே கஷ்டம், கண்ணு முன்னாடி இருந்த ஸ்க்ரீன் தவிர வேற எதுவும் தெரியல, "இன்னும் பதினஞ்சு செகண்டுக்கா, அவ்வளவுதான், விடாதீங்க விடாதீங்க"ன்னு காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு, 9ல கைப்பிடியப் புடிச்சிட்டேன். ஒடனே நிறுத்தல, பைய நடக்க விட்டு, பிபி எறங்குற வரைக்கும் கூடவே நின்னாங்க. மொத்தமே பத்து நிமிஷம் சொச்சம்தான்.

ரிசல்ட்ட உக்காத்தி வச்சு வெளக்குனதுதான் இதுல பெரிய பகுதி. விஓ2 மேக்ஸ் 29.5. நான் முழுசா முயற்சி பண்ணுனேனாங்குறதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, வெளிய விடுற கார்பன் டை ஆக்சைட உள்ள எடுக்குற ஆக்சிஜனால வகுத்தா வர்ற ஆர்இஆர், அது 1.1 தாண்டுனா ஆளு நெசமாவே உச்சத்துக்குப் போயிருக்காருன்னு அர்த்தம், எனக்கு 1.14. ஹார்ட் ரேட் 186 வரைக்கும் ஏறுச்சு, 220ல வயசக் கழிச்சா 179தான் வரணும். அந்தக் கணக்குல ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு துடிப்பு முன்னப்பின்ன இருக்கும்னு டாக்டர் சொன்னாரு, வாட்சுல அத நம்பி இந்தத் துடிப்புல இருந்து இந்தத் துடிப்பு வரைக்கும்னு ஜோன் போட்டு ஓடுறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து மூச்சு. உச்சத்துல நிமிஷத்துக்கு 68 லிட்டர் காத்துதான் மாத்திருக்கேன், முடியுறது 96, ஆக நுரையீரல்ல இன்னும் இடம் கெடக்கு, அங்க தடை இல்ல. ஈசிஜி சுத்தம். வெரல்ல ஆக்சிஜன் கடைசி வரைக்கும் 97. அப்ப எங்கதான் மாட்டுது? ஒரு துடிப்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகுதுன்னு ஒரு கணக்கு இருக்கு, ஆக்சிஜன் பல்ஸ்னு சொல்றாங்க. எனக்கு உச்சத்துல 9.8 மில்லி, என் எடைக்கும் நான் ஓடுற ஓட்டத்துக்கும் அது கம்மி. இருதயம் வேகமா அடிச்சுப் பாக்குது, ஒவ்வொரு அடிக்கும் போய்ச் சேர்ற சரக்கு கொறவா இருக்கு. டாக்டர் என் கண் எமைய இழுத்துப் பாத்துட்டு "ஹீமோகுளோபின் கடைசியா எப்பம்மா பாத்தீங்க"ன்னு கேட்டாரு.

ரத்தம் குடுத்துப் பாத்தா 9.6. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டின் 8, கையிருப்பு இரும்புச்சத்து துடைச்சு வச்ச மாதிரி.

இந்த எடத்த நல்லா படிங்க. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனத்தான் தூக்கும். நூறு மில்லி ரத்தத்துல 13 கிராம் இருந்தா 17.4 மில்லி ஆக்சிஜன், 9.6 கிராம் இருந்தா 12.9 மில்லி. கால்வாசிக்கு மேல கொறஞ்சு போச்சு. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல காய் மலையாக் குவிஞ்சு கெடந்து ரோடும் காலியா இருந்தாலும், லாரி கம்மியா இருந்தா ஊருக்கு காய் போய்ச் சேராதுல்ல. வெரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரு இத காட்டவே காட்டாது, இருக்குற ஹீமோகுளோபின்ல எத்தன சதவீதம் ஆக்சிஜனால நெறஞ்சிருக்குன்னுதான் அது சொல்லும், மொத்தம் எவ்வளவு இருக்குன்னு சொல்லாது. கொரோனாவுல வாங்கி வச்ச அந்த மெஷின்ல 97, 98 பாத்து "எனக்கு ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு"ன்னு நம்மள்ல எத்தன பேரு இருக்கோம்.

காரணம் மாசாமாசம் ரத்தம் அதிகமா போறதுதான். அதுக்குத் தனியா லேடி டாக்டரப் பாத்து வைத்தியம் எடுத்தேன், அத விட்டுட்டு இரும்பு மாத்திரை மட்டும் முழுங்குனா ஓட்டக் கொடத்துல தண்ணி ஊத்துறதுதான். மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொன்னாங்க, நெல்லிக்காயோ எலுமிச்சம் சாறோ கூட எடுத்தா நல்லா ஏறும், டீ காப்பி மட்டும் பக்கத்துலயே வரக் கூடாது. முருங்கக் கீரையும் சாப்ட்டேன், ஆனா இவ்வளவு எறங்கிப் போனத கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது, மாத்திரை வேணும். வயிறு கொஞ்சம் மந்தமாத்தான் இருந்துச்சு. சிவப்பணு ஒண்ணு ஏறக்கொறைய 120 நாள் இருக்கும்ங்குறதால பொறுமையா இருக்கணும்னாங்க, அந்த மாசங்கள்ல வண்டியூர் தெப்பக்குளத்தச் சுத்தி நடையும் பைய ஓட்டமும்தான்.

மறுபடி எடுத்தப்ப ஹீமோகுளோபின் 12.4, விஓ2 மேக்ஸ் 33.8, ஆக்சிஜன் பல்ஸ் 11.1. ஹார்ட் ரேட் உச்சம் 185, அது மாறவே இல்ல, மாறுனதெல்லாம் ஒவ்வொரு துடிப்புலயும் போற சரக்குதான். எனக்கு அதவிட ஒதவுனது மொத வென்டிலேட்டரி த்ரெஷோல்டு, அதாவது மூச்சு ஆக்சிஜன் தேவைய மீறிக் கூட ஆரம்பிக்கிற எடம், சாதாரணமா ஓடிக்கிட்டே முழு வாக்கியம் பேச முடியாம போற எடமும் ஏறக்கொறைய அதுதான். அது முன்னாடி 5.8 கிலோமீட்டர் வேகத்துல இருந்துச்சு, நடந்தாலே வந்துரும், இப்ப 6.8. ஹார்ட் ரேட் 142 அந்த எடத்துல. வாரத்துல முக்காவாசி ஓட்டத்த இப்ப அதுக்குக் கீழதான் ஓடுறேன்.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். மூச்சு வாங்குதுனா லேப்புக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி சிபிசியும் (ஹீமோகுளோபினும் ரத்த அணுக்களும் பாக்குற சாதாரண ரத்த டெஸ்ட்) ஃபெரிட்டினும் எடுத்துருங்க, முக்கியமா பொம்பளைங்க, எந்த ரத்த டெஸ்ட் லேப்லயும் எடுப்பாங்க. ரெண்டாவது, வெறும் விஓ2 மேக்ஸ் ஒத்த நம்பர வாங்கிட்டு வந்துராதீங்க. ரெண்டு த்ரெஷோல்டோட (மொதல்து மேல சொன்னது, ரெண்டாவது அதுக்கும் மேல மூச்சு இன்னும் கடுமையா ஏறுற எடம்) ஹார்ட் ரேட், வேகம், ஆர்இஆர், ஆக்சிஜன் பல்ஸ், மூச்சு வரைபடம் எல்லாம் சேத்து பிடிஎஃப்பா கேளுங்க, மெஷின்ல அது இருக்கத்தான் செய்யும். மறுபடி எடுக்குறப்ப அதே லேப், அதே மெஷின், அதே புரோட்டோகால், முடிஞ்சா அதே நேரம், அப்பத்தான் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடியும்.