குந்துற இடத்துக்கு ஒரு லென்ஸ்

போன வருஷம் சித்திரையில் ஆரணி பக்கம் எங்கள் அம்மா ஊரில் பாரதக் கூத்து. அன்றைக்குப் பதினெட்டாம் போர். 85 எம்எம் லென்ஸ் ஒன்றை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எம்எம் ஏற ஏற லென்ஸ் ஆளைக் கிட்ட இழுக்கும், படத்தில் அடங்குகிற இடம் குறையும். இன்டர்நெட்டில் எல்லோரும் அதில்தான் முகத்தை எடுக்கிறார்கள், பின்னால் விளக்கெல்லாம் வட்டம் வட்டமாகக் கரைந்து நிற்கிறது. எனக்கும் அப்படி ஒரு துரியோதனன் வேண்டும் என்று ஆசை.

வழக்கம்போல முன்னால் பையன்களோடு பாயில் உட்கார்ந்தேன். ஆட்டக்காரருக்கும் எனக்கும் எட்டடிதான் இருக்கும். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்று குதிக்க, கேமராவில் கிரீடமும் ஒரு பக்கத்துப் புஜகீர்த்தியும் மட்டும் தெரிந்தன. சரி என்று எழுந்து பின்னால் போனேன். 25 அடி தள்ளி நின்றால்தான் ஆள் முழுசாக அடங்கினார். கண்ணை வைத்த அடுத்த நிமிஷம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டி குரல்: “யோவ் கேமரா, குந்துய்யா! மறைக்குது!”

குந்தினேன். இப்போது எனக்கு நாற்பது தலை மறைத்தது. விடிய விடிய கூத்து பார்த்தும் ஒரு படம் தேறவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சீட்டு எடுத்த பணத்தில் ஒரே ஒரு லென்ஸ்தான் வரும். கேமரா பழையதாக வாங்கிய நிக்கான் இசட்5. கூடவே 24-50 ஜூம் வந்தது. பகலில் அது நல்ல லென்ஸ்தான். ஆனால் 50-இல் அதன் வாய் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத்தான் வாய் பெரிது). கூத்து மேடையில் எல்இடி ஃபோகஸ் லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த மாதிரி விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/100 நொடியைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. 1/100-இலேயே நின்றால் ஜூமுக்கு ஐஎஸ்ஓ 25,600 தேவைப்பட்டது. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் பத்தாததைக் கேமரா ஏற்றிக் காட்டுகிற அளவு, ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும். அரிதாரம் எது, புள்ளி எது என்றே தெரியாது. எஃப்/2 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், ஐஎஸ்ஓ 2,500-லேயே வேலை முடிந்துவிடும். ஆக ப்ரைம், அதாவது ஜூம் ஆகாத ஒரே எம்எம் லென்ஸ், வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எந்த ப்ரைம் என்பதுதான் பாடு.

காட்பாடியில் 22 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. “50 இருந்தா போதும்டா. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாத்தையும் அத்த வச்சிகினுதானே எடுத்தேன்?” என்று பீரோவிலிருந்து பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அடாப்டர் போட்டால் இசட்5-இல் மாட்டும். ஆனால் ஃபோகஸ் ஓடாது. அந்தக் காலத்து லென்ஸைக் கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் திருகி ஓட்டும், அந்த மோட்டார் இசட்5-இலும் இல்லை, அடாப்டரிலும் இல்லை. கையால் திருக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அத்தையை எடுக்க அது போதும். சுழன்று ஆடுகிற துரியோதனனிடம் நடக்காது.

அப்புறம் நான் செய்தது ஒரு கணக்கு. பிழைப்பே குடியாத்தத்தில் ஒரு கைலிக் கடையில் கணக்கு எழுதுவதுதானே. ஜூமில் எடுத்து வைத்திருந்த சுமார் 1,900 படத்தை எந்த எம்எம்-இல் எடுத்தேன் என்று பிரித்துப் பார்த்தேன். 50-இல் மட்டும் 800-க்கு மேல். “பார்த்தியா?” என்றார் மாமா. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: ஜூம் அதோடு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்த 800 படமும் எனக்கு 50 பிடித்து எடுத்தது இல்லை, அதற்கு மேல் போக வழியில்லாமல் எடுத்தது. 24-இல் குவிந்திருந்ததும் அப்படித்தான், பின்னால் சுவர் இருந்திருக்கும். ஓரத்து இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் நானாக நிறுத்திய படங்களைப் பார்த்தால் 33-லிருந்து 42-க்குள் கூட்டமாகக் கிடந்தன.

அதையும் நம்பாமல் ஜூம் வளையத்தைச் சிவப்பு இன்சுலேஷன் டேப் போட்டு ஒரு வாரம் 50-இல் ஒட்டினேன், அடுத்த வாரம் 35-இல். பாவு கொடுக்கப் போகிற தறி வீடுகளில் ஒன்றில் ஓர் அக்கா குழித்தறியில் நெய்கிறார். கால் குழிக்குள், கை கயிற்றில், ஊடை நூல் சுமக்கும் நாடா இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும். அவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஐந்தடி கூட இருக்காது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றும் 50-இல் அக்கா இருந்தார், தறி இல்லை. நாடா ஓடிப் போய் முட்டுகிற இடம் படத்துக்கு வெளியே. 35-இல் கை, கயிறு, நாடா, நெய்து சுருட்டிய கைலி, மேலே தொங்குகிற சாமி காலண்டர் வரை வந்தது.

இதில் கைக்கு அடக்கமான ஒரு வாய்ப்பாடும் கிடைத்தது. இசட்5 மாதிரி ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படம் விழுகிற சென்சாரின் அகலம் 36 எம்எம். அதனால் 35 லென்ஸில் எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ, ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். பத்தடி தள்ளி நின்றால் 40-இல் ஒன்பதடி, 50-இல் ஏழடி, 85-இல் நாலடிக்குக் கொஞ்சம் மேல். லென்ஸ் வாங்க நினைக்கிறவர்கள் யூட்யூபைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துத் தங்கள் வீட்டுக் கூடத்தை அளந்து பார்க்கலாம். சின்ன சென்சார் கேமராவில் 35 வைத்துப் பழகியவர்கள் ஒன்று கவனிக்கணும்: நிக்கான், சோனியில் அது ஃபுல் ஃப்ரேமின் 52 மாதிரி. அதே பழக்கத்தில் இங்கேயும் 35 வாங்கினால் திருதிருவென்று முழிக்க வேண்டி வரும்.

இசட்5-இல் நேராக மாட்டுகிற இசட் மவுன்ட் லென்ஸ்களில் 35 எஃப்/1.8 எஸ் அருமையான லென்ஸ், 370 கிராம். 40 எஃப்/2 என்பது 2021-இல் வந்த சின்ன லென்ஸ், 170 கிராம்தான், விலையும் அதில் பாதிக்குக் கீழே. மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக். வெயில் மறைப்பு மூடி கூடத் தர மாட்டார்கள். எஃப்/2-இல் ரொம்பக் கிட்டப் போனால் கொஞ்சம் சோப்பு நுரை மாதிரி இருக்கிறது. ஆனால் 35-க்கும் 40-க்கும் நடுவே இருப்பது பத்தடியில் ஓரடி, அதற்கு ஓர் எட்டு பின்னால் வைத்தால் போதும். தறி வீட்டில் அந்த ஓரடி கிடையாது என்பது வாஸ்தவம்தான். அங்கே பகல் வெளிச்சத்துக்கு ஜூம் இருக்கிறது. 40-ஐ வாங்கினேன். மிச்சப் பணம் வீட்டில் வேறு வழியில் போய்விட்டது.

இந்த வருஷம் அதே ஊர், அதே பாய். துரியோதனன் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சுதான் சிம்மாசனம். எட்டடி. ஆட்டம் ஓய்ந்து அவர் மூச்சு வாங்குகிற அந்த இரண்டு நொடியில் 1/100 தாராளமாகப் போதும். மார்புப் பதக்கத்துக் கண்ணாடியில் ஃபோகஸ் லைட் தெறித்தது. பின்னால் முகவீணைக்காரர் கன்னம் உப்பியிருந்தது. மூலையில், என் மடிமேல் தூங்கிப்போன ஒரு பையனின் பாதம். யாரும் என்னைக் குந்தச் சொல்லவில்லை.

பிரின்ட்டை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா கீது. இந்தக் காலு யாருதுடா?”

“தெரியல மாமா. ஊர்ப் பையன்.”

கட்டை விரலால் பாதத்தை மறைத்து, மற்ற மூன்று ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளங்கையால் மூடிப் பார்த்தார்.

“இத்த வெட்டிட்டேன்னு வச்சிக்கோ,” என்றார், “50தான்டா இது.”