கிதாருக்குள் விழுந்த சாவி

எங்கள் வீட்டு கிரில் கேட்டை எப்போதும் உள்பக்கமாகப் பூட்டி, சாவியை ஹாலில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவோம். போன நவம்பர் 23ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் என் மனைவி இரண்டு கையிலும் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நானும் அம்மாவும் மகளும் உள்ளே. ஆணி காலி. இதற்கெல்லாம் காரணம் 1963ல் பி.பி.சி.யில் வேலை பார்த்த ஒரு சவுண்ட் ஆசாமி என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குப் பதினைந்து வயது. லீவில் ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹாலில் நட்ட நடுவில் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்றால் பதில் இல்லை, டிவியைக் காட்டுகிறாள். கல் சிலைகள். நாம் பார்க்கிற வரைக்கும் சிலையாகவே நிற்கும், கண்ணைச் சிமிட்டினால் கிட்டே வந்துவிடும். டாக்டர் ஹூ என்கிற பி.பி.சி. தொடரில் 2007ல் வந்த எபிசோடாம் அது. மறுநாள் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து அதையே திரும்பப் போட்டாள். கண்ணைச் சிமிட்டாதே சிமிட்டாதே என்று கதை முழுக்கக் கெஞ்சுகிறார்கள், நான் இருபதாவது நிமிடத்தில் கண்ணை மூடிக் குறட்டை விட்டிருக்கிறேன். அவள் கணக்குப்படி நான் அன்றைக்கே காலி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2005ல் புதிதாகத் தொடங்கியதை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, 'இது போதாது, ஆதியிலிருந்து பார்க்கணும்' என்று 1963க்குப் போய்விட்டாள். அந்தப் பழைய கறுப்பு வெள்ளையில் தொடங்கி 1989 வரைக்கும் 26 சீசன். என் பிறந்தநாள் தேதியை என்னிடமே கேட்டு எழுதிக்கொள்கிற பெண்ணுக்கு, யார் எந்த வருடம் டாக்டராக இருந்தார், எந்த வில்லன் எந்த கிரகம் என்பதெல்லாம் விரல் நுனியில். வீட்டுக்கு வருகிறவர்கள் 'நீ டாக்டர் ஹூ பார்ப்பியாமே, அந்த டாக்டர் ஹூ யாரு?' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. தொடரின் பெயர்தான் டாக்டர் ஹூ, ஆளின் பெயர் வெறும் டாக்டர், இரண்டையும் குழப்பக்கூடாது என்று ஐந்து நிமிடம் பாடம். வந்தவர் பாவம், ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பார்.

அம்மாவிடம், அதாவது அவளுடைய பாட்டியிடம், முதன்முதலில் இதைச் சொன்னபோது நடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பாட்டி, இது டாக்டர் கதை."

"என்ன உடம்புக்கு?"

"ஐயோ, உடம்புக்கு இல்ல பாட்டி. அவர் வேற கிரகம். ரெண்டு இதயம். காலத்துல முன்னாடியும் பின்னாடியும் போவார்."

"ரெண்டு இதயம்னா பி.பி. மாத்திரையும் ரெண்டா?"

நான் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டேன். பாட்டிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. எனக்கு இந்தத் தொடரில் கடைசி வரை இடித்துக்கொண்டிருந்த விஷயம், டாக்டரின் முகம் மாறிக்கொண்டே இருப்பது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லாமல் போய் 1966ல் விலகும்போது, தொடரை மூடுவதற்குப் பதிலாக, டாக்டரின் இனத்துக்கு உயிர் போகிற நேரத்தில் உடம்பே புதிதாக மாறிவிடும் என்று ஒரு கதையைக் கட்டி பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு நடிகர் விலகினார் என்பதற்காகப் போட்ட ஒட்டு, அதுவே தொடரை அறுபது வருடம் ஓட்டுகிறது. மகள் இதை எனக்கு நாலு தடவை படம் போட்டு விளக்கினாள். நான் 'ஆனா அவர்தான் செத்துட்டாரே' என்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

"இதுல என்னடா புரியல உனக்கு? 'இவருக்குப் பதில் இனி இவர்'னு நம்ம சீரியல்ல கார்டு போடுவான்ல? அதான்."

மகளுக்குக் கோபம். இங்கிலாந்தின் மகத்தான கற்பனையை மெகா சீரியல் கார்டோடு ஒப்பிடுவதா! ஆனால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 'கிட்டத்தட்ட அதான் பாட்டி' என்று ஒப்புக்கொண்டாள். 2017 கடைசியில் ஜோடி விட்டேக்கர் டாக்டராக வந்து, டாக்டர் முதல் முறையாகப் பெண் ஆனதைச் சொன்னபோதும் அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. முகமே மாறும்போது அது மட்டும் மாறாதா என்று கேட்டுவிட்டு அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. டாலெக் என்று ஒரு பயங்கர எதிரி, பிரபஞ்சத்தையே அழிக்கக் கிளம்பும் ஜாதி, அதன் கையில் பார்த்தால் சிங்க் அடைப்பு எடுக்கிற ரப்பர்! நிஜமாகவே அதுதான். நான் சத்தமாகச் சிரித்தேன், பாட்டியும் பேத்தியும் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் பழைய எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் இன்று உலகத்திலேயே இல்லை என்று மகள் சொன்னாள். டேப் அப்போது விலை அதிகம், அதனால் பழையதை அழித்துவிட்டு அதிலேயே வேறு எதையாவது பதிவு செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. நல்லவேளை, அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் வீட்டு டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துச் சத்தத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தார்களாம், அதனால் காணாமல் போன எல்லாக் கதைகளையும் காதால் கேட்கலாம். "பின்னே? கரண்ட் போனா நானும் பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் புண்ணியத்துல காதாலதானே சீரியல் பார்க்கிறேன்" என்றாள் அம்மா.

ஒரே ஒரு தடவை நான் தகப்பன் ஸ்தானத்தில் படிப்பு, பரீட்சை என்று ஆரம்பித்துப் பார்த்தேன். மகள் அமைதியாகக் கேட்டாள், முடித்ததும் சொன்னாள்: பீட்டர் கபால்டி என்று ஒரு பையன் தன் பதினைந்தாவது வயதில், 1974ல், இந்தத் தொடரைப் புகழ்ந்து ரேடியோ டைம்ஸ் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினான், அதே பையனை 2013ல் டாக்டராகவே நடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். "எனக்கும் இப்ப பதினஞ்சுப்பா." நான் கணக்குப் போட்டேன், முப்பத்தொன்பது வருடம். அதுவரை இவளுக்கு ரீசார்ஜ் யார் செய்வது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

சரி, நவம்பர் 23க்கு வருகிறேன். முதல் எபிசோட் ஒளிபரப்பான நாள் அது. 1963, சனிக்கிழமை, மாலை 5.15க்கு வரவேண்டியது, எண்பது விநாடி தாமதமாக 5.16க்குத் தொடங்கியதாம். அதனால் எங்கள் வீட்டிலும் சரியாக 5.16க்கு முதல் எபிசோடைப் போடுவது, நால்வரும் வாயைத் திறக்காமல் பார்ப்பது என்று மகள் உத்தரவு. அம்மா ஒரு மாதமாகப் பின்னிக்கொண்டிருந்த நீள ஸ்கார்ஃபும் தயார். நான்காவது டாக்டர் டாம் பேக்கர் போட்டுக்கொண்டு திரிந்த ஸ்கார்ஃப் அது, தரையைக் கூட்டும் நீளம். உடை வடிவமைப்பாளர் வேண்டிய அளவுக்கு மேல் நூலை வாங்கிக் கொடுத்திருக்கிறார், பின்னிய அம்மாளோ கொடுத்த நூல் மொத்தத்தையும் பின்னித் தீர்த்துவிட்டாராம். என் அம்மாவும் அதே ரகம், நூல் தீரும்வரை ஓயவில்லை.

மகள் செய்த காரியம் வேறு. டாக்டர் பயணம் செய்வது ஒரு நீலப் பெட்டியில், டார்டிஸ் என்று பெயர், வெளியே பார்த்தால் பழைய லண்டன் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் அரண்மனை. அது கிளம்பும்போதும் இறங்கும்போதும் இழுத்து இழுத்து ஒரு சத்தம் வரும், ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி. அந்தச் சத்தத்தை உண்டாக்கிய பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை ஒரு பழைய பியானோவின் கம்பியில் தேய்த்துப் பதிவுசெய்து, பிறகு டேப்பில் வைத்து மாற்றியிருக்கிறார். முதலில் சொன்னேனே, அந்த ஆசாமி இவர்தான். இதை மகள் படித்துவிட்டாள். பியானோ இல்லை, ஆனால் என் கல்லூரிக் கால கிதார் பீரோ மேலே இருக்கிறது. சாவியும் அம்மாவுடையதாகவே இருக்க வேண்டுமாம். ஆணியில் தொங்கும் கேட் சாவியைக் கழற்றினாள், வளையத்தோடு தேய்த்தால் ஜல்ஜல் என்று இடைஞ்சல் செய்ததால் வளையத்தையும் உருவிவிட்டாள். இருப்பது அந்த ஒரே சாவி, மாற்றுச் சாவி தொலைந்தது தனிக் கதை.

ஆறாவது கம்பி, இருப்பதிலேயே தடிமனானது, மேலே சுருள் சுற்றியிருக்கும். சாவியின் பல் அந்தச் சுருளில் உரசிக்கொண்டு இறங்கும்போது 'வ்வ்ர்ர்ரூம்' என்று ஒரு சத்தம் வரும். அவள் செல்போனில் பதிவு செய்ததை அப்புறம் கேட்டேன், நிஜமாகவே அருமையாக இருந்தது. பத்து தடவை தேய்த்திருக்கிறாள். பதினொன்றாவது தடவை கம்பி அறுந்தது, சாவி துள்ளி கிதாரின் ஓட்டைக்குள் போய்விட்டது. பதிவில் அதுவும் இருக்கிறது: வ்வ்ர்ர், டங், கடகட, அதன் பின் நீண்ட மௌனம்.

அந்த மௌனம் வெளியே பை தூக்கிக்கொண்டு மனைவி வந்து காலிங் பெல் அடிக்கும் வரை நீடித்தது. நான் ஆணியைத் தடவுகிறேன், ஃப்ரிட்ஜ் மேலே தேடுகிறேன், அம்மா தலையணைக்கு அடியில் பார்க்கிறாள். "என்னங்க, கை வலிக்குதுங்க" என்று கேட்டிலிருந்து குரல். 5.14க்கு மகள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. லேசாக ஆட்டினாள். உள்ளே கடகட.

கிதாருக்குள் எதையாவது விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டைக்குள் கை நுழையாது, பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, கவிழ்த்தால் ஓட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும். நான் கிதாரைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சாமியாடுகிற மாதிரி ஆட்டினேன். மகள் செல்போன் டார்ச்சை அடித்தாள். அம்மா ஸ்கார்ஃபை நாலாக மடித்துத் தரையில் விரித்தாள், விழுவது தெறித்து ஓடக்கூடாதாம். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, நிலவரத்தைக் கேட்டு, சுத்தியல் கொண்டுவரட்டுமா என்றார். பூட்டுக்கா கிதாருக்கா என்று சொல்லவில்லை.

"உன் டாக்டர்கிட்ட ஒரு திருப்புளி இருக்குமே, எதை வேணும்னாலும் திறக்குமே, அதைக் கொண்டா" என்றேன் மூச்சு வாங்க.

"சோனிக் ஸ்க்ரூடிரைவரா? அது மரத்துல வேலை செய்யாதுப்பா" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

இந்த நேரத்திலும் விதிமுறை! அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மகளுக்கும் வந்துவிட்டது, நான் மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் கம்பி மீட்டுகிற பிளெக்ட்ரம் ஒன்று விழுந்தது, பத்து வருடமாவது ஆகியிருக்கும். அப்புறம் ஒரு பட்டன். அப்புறம் ஏதோ மினுக்கென்று ஸ்கார்ஃபின் மஞ்சள் கோட்டில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். தோட்டின் திருகாணி. மனைவி இரண்டு வருடத்துக்கு முன் தொலைத்து, நான் பெருக்கித் தள்ளிவிட்டேன் என்று இன்று வரை சொல்லிக்காட்டுகிற அதே திருகாணி.

"உள்ளே பெருசா இருக்கு போல" என்றாள் அம்மா. டார்டிஸைப் பற்றித்தான் சொன்னாள் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

சாவி விழும்போது மணி 5.41. கேட்டைத் திறந்ததும் மனைவி திட்டுவதற்கு மூச்சை இழுத்தாள், நான் உள்ளங்கையை நீட்டித் திருகாணியைக் காட்டினேன், இழுத்த மூச்சு அப்படியே நின்றது. இரண்டு வருடக் கேஸில் எனக்கு விடுதலை. அது எப்படி கிதாருக்குள் போயிற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கிளப்பவில்லை.

மகள்தான் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். 5.16 போய்விட்டதே. நான் ஏதோ சமாதானம் சொல்லப்போக, அவளே திடீரென்று நிமிர்ந்தாள். முதல் எபிசோட் வந்ததற்கு முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டார், பல இடங்களில் மின்தடை வேறு, நிறையப் பேர் பார்க்க முடியாமல் போனதால் அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 30, இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்களாம். "பி.பி.சி.யே மறு ஒளிபரப்பு செஞ்சிருக்கு. நாமும் அடுத்த வாரம் செய்யலாம்."

செய்தோம். அடுத்த ஞாயிறு, 5.15க்கே எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, எண்பது விநாடி வேண்டுமென்றே காத்திருந்தோம். சாவி அம்மாவின் இடுப்பில். தொடங்கும் இசை வந்தது, திரையில் புகை மாதிரி ஏதோ சுருண்டது, மகள் என் கையைக் கிள்ளி எழுப்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள், மனைவி எழுந்து உள்ளே போனாள். பேசக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கிதாரோடு திரும்பி வந்து என் மடியில் வைத்தாள்.

"என் வெள்ளி மெட்டி ஒண்ணும் காணோம்ங்க. ஒரு தடவை குலுக்கிப் பாருங்களேன்."