வீக்கம் எங்கிருந்து வருகிறது?

மார்ச் 4

தம்பிக்குக் காலையில் கண்ணிமைகள் உப்புகின்றன. மாலைக்குள் முகம் வடிந்து கணுக்கால் வீங்கிவிடுகிறது. ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. எதை வைத்து ஒவ்வாமை என்றார்களோ!

மார்ச் 7

இன்று பார்த்த மருத்துவர் அதிகம் பேசாதவர். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. தைராய்டு குறைவால் வரும் வீக்கம் பெரும்பாலும் இப்படிக் குழி விழாதாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார், கழுத்துச் சிரையைப் பார்த்தார். இதயம் தளர்ந்திருந்தால் அது புடைத்து நிற்கும். தம்பியோ மல்லாந்துதான் தூங்குகிறான், குறட்டையோடு. கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் நீரும் கோக்கவில்லை. ஆகவே கல்லீரல்மீது சந்தேகம் குறைந்தது. கடைசியாக, சிறுநீர் நுரைக்கிறதா என்றார். புரதம் ஒழுகினால் அப்படி நுரைக்கும். நுரைக்கிறதாம்! கேட்காமல் எதையும் சொல்லுகிற ஆள் இல்லை அவன்.

மார்ச் 8

ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரதம் 2.1-ஆகக் குறைந்திருக்கிறது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. “அப்படியென்றால் கிட்னிக்கு ஒன்றுமில்லை” என்று அம்மா பெருமூச்சு விட்டார். அப்படி முடிவுகட்ட முடியாது. கழிவு வெளியேறுகிறதா என்பதைத்தான் கிரியேட்டினின் காட்டும். புரதம் ஒழுகுவதைக் காட்டாது. அல்புமினை மட்டும் நம்பவும் வழியில்லை: கல்லீரல் சரியாக உற்பத்தி செய்யாவிட்டாலும் குறையும், குடல்வழியே கசிந்தாலும் குறையும். சிறுநீரைத்தான் கேட்க வேண்டும். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையில் புரதம் 4+, அதாவது மிக அதிகம்; ரத்தம் இல்லை.

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் உடல் வீங்கியவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார்கள். புரதம் இருந்தால் உறையும். இவ்வளவு எளிய சோதனையை முதல் நாளே செய்திருக்கலாமே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மார்ச் 11

24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 6 கிராம். 3.5-ஐத் தாண்டினாலே நெஃப்ராட்டிக் அளவு, அதாவது உடல் வீங்குமளவுக்குச் சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. கொழுப்பும் ஏறியிருக்கிறது. எதனால் வந்தது என்பது அடுத்த கேள்வி. சர்க்கரை நோய், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்), ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முதுகுவலிக்கு அவன் விழுங்கிவந்த வலி மாத்திரைகளைப் பற்றி மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார்.

மார்ச் 16

அந்தச் சோதனைகளில் ஒன்றும் சிக்கவில்லை. நாளை மறுநாள் சிறுநீரகத்திலிருந்து திசு எடுக்கிறார்கள். ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் அல்புமினோடு போய்விடுவதால், ஒரு கால் மட்டும் திடீரென்று கூடுதலாக வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.