இணைந்த கணிதத்துக்கு நாலரை நிமிடக் கணக்கு

இலங்கை உயர்தரப் பரீட்சையின் இணைந்த கணிதத்தில் ஒரு பத்திரத்துக்கு 3 மணித்தியாலம், 1000 புள்ளி. பகுதி A இல் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி, பத்தும் கட்டாயம். பகுதி B இல் 7 இல் 5, ஒவ்வொன்றுக்கும் 150. 180 நிமிடத்தைப் பங்கிட்டால் சின்ன வினாவுக்கு நாலரை நிமிடம், பெரிய வினாவுக்கு 27 நிமிடம் வரும். 10 சின்ன வினா 45 நிமிடம், 5 பெரிய வினா 135. கூட்டினால் சரியாக 180, மிச்சமே இல்லை. காலை 8.30 க்குத் தொடங்கி, மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம் போனால், 9.25 க்கு A முடிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கும் A இல் நிற்கிற பிள்ளை ஐந்தாவது பெரிய வினாவைத் தொடாது.

அந்த 10 நிமிடத்தை A இல் செலவழிக்காதீர்கள். A எப்படியும் செய்யத்தான் வேண்டும். B இன் ஏழையும் பார்த்து, விடப்போகிற இரண்டையும் முடிவெடுங்கள். முதல் வரியைப் பார்த்துத் தெரிவு செய்வதுதான் வழமையான பிழை. முதல் வரி எப்போதும் லேசாகத்தான் இருக்கும், சிக்க வைப்பது கடைசிப் பந்தி. அங்கிருந்து வாசியுங்கள். இரண்டாம் பத்திரத்தில் 17 ஆம் வினா நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். நிலையியலுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு அது நல்ல புகலிடம். ஆனால் கடைசியில் கிடப்பதால் பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இனி, “காட்டுக” என்ற சொல். முதற் பத்திரத்து 14 இல் பெரும்பாலும் ஒரு சார்பைத் தந்து, அதன் பெறுதி இன்னதெனக் காட்டச் சொல்வார்கள். பிறகு திரும்பற் புள்ளிகளையும் அணுகுகோடுகளையும் குறித்து வரைபு கேட்பார்கள். பெறுதி வராவிட்டால் பெடியள் முழு வினாவையும் வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். வேண்டாம். விடை வினாத்தாளிலேயே கிடக்கிறது. இரண்டு வரி இடம் விட்டு, தந்த கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தொடருங்கள். வரைபுக்கான புள்ளி தனி. ஆனால் அணுகுகோட்டை முறிகோட்டால் கீறி அதன் சமன்பாட்டைப் பக்கத்தில் எழுதாவிட்டால் அதுவும் போகும். கணிதத் தொகுத்தறிவு நிறுவலிலும் இதே கதைதான்: n = 1 க்கு உண்மையெனக் காட்டுவது, n = p க்கு உண்மையென எடுகோள் கொள்வது, கடைசி முடிவு வாக்கியம் மூன்றும் நடு அட்சரகணிதம் குழம்பினாலும் எழுதக்கூடியவை.

இயக்கவியலில் படம் இல்லாமல் சமன்பாடு எழுதாதீர்கள். ஒவ்வொரு துணிக்கைக்கும் தனிப்படம், அதில் விசைகள், ஆர்முடுகல் எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு. பிறகு எந்தத் திசையில் F = ma பிரயோகிக்கிறீர்கள் என்று காட்டி எழுதுங்கள். குறி பிழைப்பது அநேகமாக இந்த அம்பைப் போடாததால்தான்.

பௌதிகவியல், இரசாயனவியல் பல்தேர்வில் 50 வினா, 2 மணித்தியாலம். கல்குலேற்றர் கிடையாது, ஆகவே எண்களைக் கடைசி வரியில் மட்டும் பிரதியிடுங்கள், பாதி வெட்டுப்பட்டுப் போகும். பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் விடைத்தாளில் ஒரு நிரையையும் வெறுமையாக விடக்கூடாது. 23 ஐத் தாண்டி 24 க்குப் போனவர் புள்ளடியை 23 இல் போட்டுவிட்டு, 50 இல் வந்துதான் கண்டுபிடிப்பார். பத்துக்கு ஒருதரம் இலக்கத்தை ஒப்பிடுங்கள்.

ஒரு பாடம் பிழைத்ததென்று அடுத்த பாடத்தில் கைவிடுகிற ஆட்களும் உண்டு. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது S (சாதாரண சித்தி), உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளவை. இங்கே பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் Z புள்ளியில் சின்ன வித்தியாசமும் துறையை மாற்றிவிடும்.

பரீட்சை மாரியிலும் வரலாம். 2024 நவம்பரில் வெள்ளத்தால் இடைநடுவில் நிறுத்தவேண்டி வந்தது. குளம் வான்பாய்ந்தால் உள் வீதிகளில் பஸ் வராது. முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்ளூர்களில் இருப்பவர்கள் முதல்நாளே நிலையத்துக்குக் கிட்ட உறவுகாரர் வீட்டில் தங்குவது நல்லது. அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பொலித்தீன் பையில் இருக்கட்டும். பாதை மறிபட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கும் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 க்கும் உடனே சொல்லுங்கள். ஃபோனை வீட்டிலேயே விட்டு, முள்ளு மணிக்கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி 5 நிமிடம் எழுதுவதற்கல்ல. எல்லாத் தாளிலும் சுட்டெண் இருக்கிறதா என்று பாருங்கள். பகுதி A மேலே வரக் கட்டுங்கள், நூலை இறுக்கி இழுத்தால் தாள் கிழியும். பகுதி B வினாத்தாளை மட்டும் வெளியே கொண்டுபோகலாம்.