ஆடி மூணு மாசம்

ஜூலை 9, 2021, வெள்ளி

பாறசாலையில் ஒரு கர்ப்பிணிக்கு ஜிகாவாம், கொசு பரப்புகிற காய்ச்சல். டிவியில் காலையிலிருந்து அதுதான் ஓடுகிறது. அத்தான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில். போன சனிக்கிழமை பாறசாலை, களியக்காவிளை வழியாகத்தான் பைக்கில் பாளையங்கோட்டைக்கு வந்தார். மறுநாளே லேசான காய்ச்சல், முதுகில் தடிப்பு, கண் சிவப்பு. கொரோனா இல்லை என்று ரிசல்ட் வந்ததும் மற்றதை விட்டுவிட்டோம். குழந்தைக்குத் தயாராக நான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட ஆரம்பித்தே பத்து நாள்தான் ஆகிறது.

ஜூலை 12, திங்கள்

டாக்டரம்மா முதலில் என்னிடம்தான் நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்புறம் அத்தானைப் பார்த்து, "நீங்கதான் மூணு மாசம் பொறுக்கணும்" என்றார். ஜிகா கிருமி ரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடுமாம். விந்தில் மட்டும் மாதக்கணக்கில் தங்கலாம். கொசு கடிக்காமலே என்னிடம் வந்துவிடும். கர்ப்பத்தில் வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம், தலை சிறுத்துப் பிறக்கலாம். பெண்ணுக்கு மட்டும் வந்திருந்தால் இரண்டு மாதம் போதும்.

"டெஸ்ட் எடுத்துப் பார்த்திரலாமா?" என்றார் அத்தான். ரத்தத்திலும் சிறுநீரிலும் இல்லையென்று வந்தாலும் விந்தில் இல்லை என்று அர்த்தமில்லையாம். ஐந்தில் நான்கு பேருக்கு அறிகுறியே தெரியாது என்பதால், நோய் இருக்கிற ஊருக்குப் போய் வந்தாலே இந்தக் கணக்குதான். அதுவரை ஆணுறை.

புதுப்பெண்ணை ஆடிக்கு ஒரு மாதம் பிரித்து வைப்பார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து மூணு மாச ஆடி.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

ராத்திரி கொசுவலை கட்டி என்ன பிரயோஜனம்? இந்த ஏடிஸ் கொசு கடிப்பது பகலில், அதுவும் காலையிலும் சாயங்காலமும். கொல்லையில் பழைய ஆட்டுரல் கிடக்கிறது. குழவியைத் தூக்கி ஆறு வருஷமாவது இருக்கும். குழிக்குள் டார்ச் அடித்தேன். உள்ளங்கையளவு தண்ணீர், வெளிச்சம் பட்டதும் நூல் நூலாய்ப் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வாலை மேலே நீட்டிக்கொண்டு வந்து தலைகீழாகத் தொங்கின. மூச்சு விடுவது அந்த வாலால்தானாம். தண்ணீரை இறைத்துவிட்டுக் குழியைத் தென்னை நாரால் தேய்தேய் என்று தேய்த்தேன். முட்டை ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும், மழை பட்டால் பொரிக்கும்.

ஃப்ரிட்ஜ் பின்னாடித் தட்டிலும் இருந்தன. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

அத்தான் இங்கேயே ஒரு வேலைக்கு மாறிவிட்டார். ஆனால் நேற்று சம்பளக் கணக்கு முடிக்க ஒரு நாள் திருவனந்தபுரம் போய் வந்தார், அரைக்கைச் சட்டையோடு! மூணு மாசம் முடிகிற நாள் அக்டோபர் 4 என்று காலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். அழித்துவிட்டு நவம்பர் 7. சாயங்காலம் வரை நான் பேசவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

"என்னட்டி, ஆடியும் போயி ஆவணியும் வந்துட்டு. ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்றார் அத்தை. இனி மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன், ஆணுறை விஷயம் தவிர. "நாங்க கொசு கடிக்காமயா பெத்தோம்?" என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. 2006-இல் சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் சுவரைப் பிடித்து நடந்தவர். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அதே கொசுவா?" என்றார்.

அதே கொசுதான். டெங்குவுக்கும் அதுதான்.

அக்டோபர் 24, ஞாயிறு

ஐப்பசி பிறந்து ஒரு வாரம், நல்ல மழை. தொட்டித் தண்ணீருக்கு அபேட் என்கிற கொசுப்புழு மருந்து ஊற்ற வந்த பெண் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆட்டுரல்ல யாரு மண்ணு போட்டது?" என்றார். எனக்கே தெரியாது. குழி நிறைய ஆற்றுமணல், அதன் மேல் ஒரு துளசிக் கன்று. அத்தை உள்ளேயிருந்து, "சிரட்டையெல்லாம் கமுத்திப் போட்டாச்சு, அதையும் பாரு" என்று குரல் கொடுத்தார்.

இன்னும் 14 நாள். தீபாவளி நடுவில் வருகிறது.