வேலியைப் பார்த்து வரைந்தது

1991ஆம் ஆண்டு வடமராட்சியில் நான் எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த நேரம். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. வர்ணப் பெட்டியைக் கடையில் கண்டு கனகாலம். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் நிற்கவில்லை. சித்திர மாஸ்ரர் அடுப்புக்கரி கொண்டுவரச் சொன்னார். செங்கட்டித் தூளும் மஞ்சளும் பூவரசம் இலைச் சாறும் வர்ணங்கள் ஆயின. பழைய கொப்பிகளில் எழுதாமல் விட்ட பக்கங்கள்தான் தாள்.

முதல் நாள் விரும்பியதை வரையச் சொன்னார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று வரைந்தோம். மாஸ்ரர் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"வடமராட்சியில மலை எங்க தம்பியவை இருக்கு? நாளைக்கு அவரவர் வீட்டு வேலியைப் பாத்து வரைஞ்சுகொண்டு வாங்கோ."

அன்று பின்னேரம் படலையடியில் குந்திக்கொண்டு எங்கள் வேலியைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த வேலிதான். ஆனால் வேலிக்கு நட்ட கதியால் எல்லாம் ஒரே மரம் இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். பூவரசுக்கு ஒரு தோல், கிளுவைக்கு வேறு தோல், முள்முருக்கு இன்னொரு விதம். அந்த வருடம் கட்டிய கிடுகு வெளிறிய மஞ்சள், போன வருடத்துக் கிடுகு சாம்பல். கிணற்றடிப் பக்கம் வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஓட்டை, இருந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் கறிச்சட்டி மாற்றுகிற பொட்டு அது. கை போய் வந்து போய் வந்து கிடுகின் ஓரம் வழவழப்பாகி இருந்தது. அதைக் கரியால் வரைய முயன்று மூன்று தாள் பழுதாக்கினேன். நாலாவதை மாஸ்ரர் வகுப்பில் தூக்கிக் காட்டினார். "இதில ஆக்கள் இல்லை, ஆனா ஆக்கள் இருக்கினம்" என்றார். அந்தச் சொல் இன்றும் காதில் நிற்கிறது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை எங்களைச் சைக்கிள்களில் மணற்காடு என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்துச் சுவர்களின் நிழலில் இருந்து மணற்திட்டிகளை வரைந்தோம். காற்று அடிக்க அடிக்க மணலின் ஓரம் மாறிக்கொண்டே இருந்தது. "கெதியா வரையுங்கோ, அது உங்களுக்காகக் காத்துக்கொண்டு இராது" என்றார்.

1998இல் கனடா வந்தேன். இரவு வேலை, பகலில் நித்திரை, விடுமுறை நாளில் படம். பனை, கிணறு, கோயில் கோபுரம் இவைதான் வரைந்தேன். எங்கள் சங்க ஒன்றுகூடலிலும் பலர் விரும்பி வாங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் பழைய படங்களை நிலத்தில் பரப்பி வைத்தபோதுதான் நெஞ்சில் அடித்தது. எல்லாவற்றிலும் ஒரே பனை. நான் பனையைப் பார்த்து வரையவில்லை, முன்பு வரைந்த என் பனையைப் பார்த்தே திருப்பித் திருப்பி வரைந்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் வரைந்த அந்த மலையாக என் பனையும் ஆகிவிட்டிருந்தது.

நான் இருப்பது ஸ்காபரோவில். பத்து நிமிடம் கார் ஓடினால் ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஸ்காபரோ பிளஃப்ஸ். ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளத்துக்கு, சில இடங்களில் 90 மீற்றர் உயரத்துக்கு நிற்கிற மண் சுவர். பனியூழிக் காலத்தில் படிந்த மணலும் களியும். வருடாவருடம் அலையும் மழையும் கரைக்கின்றன. 1793இல் அப்போதைய துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இதைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் யோர்க்‌ஷயரில் உள்ள ஸ்காபரோவின் நினைவில் அந்தப் பெயரை வைத்தார். அவரும் நாட்குறிப்பு எழுதி நீர்வர்ண ஓவியங்கள் வரைந்தவர். ஊர் நினைவில் பெயரை வைத்தார், ஆனால் எதிரே இருந்ததையும் பார்த்து வரைந்தார். எனக்கு அவர் மேல் ஒரு நெருக்கம் உண்டு.

அதைவிட நெருக்கமானவர் டோரிஸ் மக்கார்த்தி. ரொறன்ரோவில் நாற்பது வருடம் சித்திரம் படிப்பித்த ஆசிரியை. 1939இல் அந்த மண் சுவரின் மேலே காணி வாங்கினார். ஆசிரியச் சம்பளத்தில் இது மூடரின் சொர்க்கம் என்று தாயார் சொன்ன சொல்லையே வீட்டுக்குப் பெயராக்கினார். ஆர்க்டிக் வரை போய் வரைந்தவர், திரும்பி வந்து வாழ்ந்தது அதே விளிம்பில். 2010இல் நூறு வயதில் காலமானார். அவரைப் பற்றி அறிந்தபோது எங்கள் மாஸ்ரர்தான் கண்ணுக்குள் நின்றார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அங்கே போகிறேன். மாசி மாதத்தில் விரல் விறைத்துவிடும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. அதனால் கெதியாக வரையப் பழகிவிட்டேன். மணற்காட்டில் படித்தது.

இந்த மலருக்குப் படம் ஒன்று கேட்டார்கள். பனைதான் வரும் என்று மலர்க் குழு எதிர்பார்த்திருக்கும். நான் அனுப்புவது பிளஃப்ஸின் மேல் விளிம்பில் போட்டிருக்கிற கம்பி வேலி. அடியில் மண் கரைந்து போனதால் இரண்டு தூண்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒரு மூலையில் ஆக்கள் பிடித்துப் பிடித்துக் கம்பி வளைந்திருக்கிறது. கரியால் வரைந்தேன்.